2024-25 ஸ்கீ ஜம்பிங் சீசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீண்ட சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு பனிச் சரிவில் சறுக்கி வந்து காற்றில் பாயும் விளையாட்டான ஸ்கீ ஜம்பிங்கைப் பார்க்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் பெரும்பாலும் 2024-25 சீசனிலிருந்தே வருகின்றன. நூலிழை வித்தியாசத்தில் முடிந்த ஒரு தொடர், ஓர் உலக சாதனை, ஒரு தையல் மோசடி என்று விதிகளை விளக்கத் தேவையான அத்தனையும் அந்த ஒரே குளிர்காலத்தில் நடந்துவிட்டன.

சீசன் என்றால் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? எங்கெல்லாம் நடக்கிறது?

உலகக் கோப்பை என்பது ஒரே இடத்தில் நடக்கும் போட்டி அன்று; நவம்பர் இறுதியில் தொடங்கி மார்ச் இறுதி வரை வாராவாரம் ஊர் மாறி நடக்கும் தொடர். 2024-25 சீசன் நார்வேயின் லில்லெஹாமரில் 2024 நவம்பர் 22 அன்று தொடங்கி, ஸ்லோவேனியாவின் பிளானிட்சாவில் 2025 மார்ச் 30 அன்று முடிந்தது. இடையில் பின்லாந்து, போலந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, அமெரிக்காவின் லேக் பிளாசிட், ஜப்பானின் சப்போரோ என்று வீரர்கள் சுற்றினார்கள். இதை நடத்துவது சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு, சுருக்கமாக ஃபிஸ்.

இந்தத் தொடருக்குள்ளேயே வேறு சில தொடர்களும் போட்டிகளும் அடங்கியிருப்பதுதான் புதியவர்களைக் குழப்புகிறது. புத்தாண்டை ஒட்டி வரும் நான்கு குன்றுத் தொடருக்கு உலகக் கோப்பைப் புள்ளிகளும் உண்டு, தனிக் கோப்பையும் உண்டு. இரண்டாண்டுக்கு ஒரு முறை வரும் உலக சாம்பியன்ஷிப் போட்டிக்கு உலகக் கோப்பையுடன் எந்தத் தொடர்பும் இல்லை. அங்கே வாங்கும் பதக்கம் பதக்கமாகவே நிற்கும், சீசன் பட்டியலில் ஒரு புள்ளியும் சேராது. 2025இல் அது நார்வேயின் டிரொண்ட்ஹைமில் பிப்ரவரி 26 முதல் மார்ச் 9 வரை நடந்தது.

அதிக தூரம் தாண்டியவர்தானே ஜெயிக்க வேண்டும்? ஏன் சில நேரம் அவர் தோற்றுவிடுகிறார்?

தூரம் ஒரு பங்கு மட்டுமே. ஒவ்வொரு குன்றிலும் கே கோடு என்று ஒரு கோடு உண்டு. அதைத் தொட்டால் 60 புள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் பெரிய குன்றில் 1.8 புள்ளி கூடும், குறைந்தால் அதே கணக்கில் கழியும். ஆஸ்திரியாவின் பிஷோஃப்ஸ்ஹோஃபன் குன்றில் கே கோடு 125 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒருவர் 140 மீட்டர் பாய்ந்தால் கூடுதல் 15 மீட்டருக்கு 27 புள்ளி, ஆக மொத்தம் 87. சிறிய குன்றில் மீட்டருக்கு 2 புள்ளி. மிகப் பெரிய பறத்தல் குன்றுகளில் கே கோட்டுக்கே 120 புள்ளி, மீட்டருக்கு 1.2.

அடுத்தது நடை அழகு. ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 வரை மதிப்பிடுவார்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவார்கள். காற்றில் உடல் நிலையாக இருந்ததா, இறங்கும்போது ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக முழங்கால் மடித்து டெலிமார்க் நிலையில் இறங்கினாரா என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். மிக நீண்ட பாய்ச்சலில் தரையின் சரிவு குறைந்துவிடுவதால் அந்த இறக்கம் கடினமாகிறது. நீண்ட தூரம் போய் இரு கால்களையும் ஒன்றாக ஊன்றித் தடுமாறி நிற்பவர், இரண்டு மீட்டர் குறைவாகப் பாய்ந்து அழகாக இறங்கியவரிடம் தோற்பது வழக்கமாக நடப்பதே.

காற்றுக்குப் புள்ளி கூட்டுவதும் கழிப்பதும் எனக்குப் பித்தலாட்டமாகத் தெரிகிறது. இது எதற்கு?

இது இல்லாவிட்டால்தான் பித்தலாட்டமாக இருக்கும். ஸ்கீ ஜம்பிங்கில் எதிர்க்காற்று நண்பன். பலகைகளுக்கு அடியில் அழுத்தம் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கும். பின்காற்று கீழே அமுக்கும். ஐம்பது பேர் ஒருவர் பின் ஒருவராகப் பாயும் ஒரு மணி நேரத்தில் காற்று பலமுறை மாறுகிறது. 2009 கோடையில் சோதனையாகத் தொடங்கி நிலைபெற்ற இந்தக் கணக்கின்படி, எதிர்க்காற்று கிடைத்தவருக்குக் கழிக்கிறார்கள், பின்காற்றில் பாய்ந்தவருக்குக் கூட்டுகிறார்கள். திரையில் பச்சையிலும் சிவப்பிலும் தெரியும் அந்தச் சிறிய எண் இதுதான்.

கணக்கு முழுமையானது என்று நான் சொல்ல மாட்டேன். குன்றின் ஓரமாகச் சில இடங்களில் மட்டும் காற்றை அளக்கிறார்கள். அதிலும் பாயும் திசையை ஒட்டிய காற்று மட்டுமே கணக்கில் வருகிறது. பக்கவாட்டில் அடிக்கும் காற்று ஒரு பலகையைத் தூக்கி மறுபலகையை விட்டுவிட்டால், அதற்கு இழப்பீடு கிடையாது. ஆனாலும், போட்டியைப் பாதியில் கலைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை முன்பு அடிக்கடி வந்தது. அதோடு ஒப்பிட்டால் இந்தக் கணக்கே மேல்.

கேட் ஏறுகிறது, இறங்குகிறது என்கிறார்களே, அது என்ன?

வீரர் உட்கார்ந்து புறப்படும் கம்பியின் உயரமே கேட். மேலே வைத்தால் சறுக்கும் தூரம் கூடி வேகம் கூடும். பெரிய குன்றில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி மேடை விளிம்பை அடைகிறார்கள். பறத்தல் குன்றில் 100ஐத் தாண்டும். காற்று சாதகமாக மாறி வீரர்கள் ஆபத்தான தூரத்துக்குப் போகத் தொடங்கினால் நடுவர் குழு கேட்டைக் கீழே இறக்கும்; இறக்கப்பட்ட கேட்டிலிருந்து பாய்கிறவருக்குக் கூடுதல் புள்ளி கொடுத்து ஈடு செய்வார்கள்.

இதில் ஒரு சூதாட்டமும் உண்டு. பயிற்சியாளரே தன் வீரருக்கு மட்டும் கேட்டை இறக்கச் சொல்லலாம். ஆனால் அந்த வீரர் குன்றின் அளவில், அதாவது பாதுகாப்பாக இறங்கும் எல்லையென்று அந்தக் குன்றுக்குக் குறித்த தூரத்தில், 95 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். எட்டாவிட்டால் ஈட்டுப் புள்ளி கிடையாது, குறைந்த வேகம் மட்டும் மிஞ்சும். முன்னணியில் இருப்பவரின் பயிற்சியாளர் கடைசி நொடியில் கை காட்டும்போது அரங்கம் ஆர்ப்பரிப்பது இதனால்தான்.

மஞ்சள் சட்டை யாருக்கு? சீசன் சாம்பியனை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

ஒவ்வொரு தனிநபர் போட்டியிலும் முதல் முப்பது பேருக்குப் புள்ளி உண்டு: முதலிடத்துக்கு 100, பிறகு 80, 60, 50, 45 என்று இறங்கி முப்பதாம் இடத்துக்கு 1. மேலே சொன்ன தூரப் புள்ளி, நடைப் புள்ளி எல்லாம் அன்றைய போட்டியோடு சரி. சீசன் பட்டியலுக்குப் போவது இந்த இடப் புள்ளி மட்டுமே. பட்டியலில் முன்னிலையில் இருப்பவர் மஞ்சள் நிற மேலங்கியில் பாய்வார்.

2024-25இல் டிசம்பர் மாதம் முழுக்க அந்த மஞ்சள் நிறம் ஜெர்மனியின் பியுஸ் பாஷ்கேயிடம் இருந்தது. முப்பத்து நான்கு வயதில், பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் பருவத்தில், அவர் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தார். புத்தாண்டுக்குப் பிறகு அந்தத் தாளம் கலைந்தது. ஆஸ்திரியாவின் டானியல் சோஃபெனிக் முந்தி வந்து சீசன் கோப்பையையும் வென்றார். இந்தக் குளிர்காலம் தொடங்கும்வரை அவர் ஒரு தனிநபர் உலகக் கோப்பைப் போட்டியில்கூட முதலிடம் பெற்றதில்லை. முதல் வெற்றி டிசம்பரில் போலந்தின் விஸ்வாவில் வந்தது. அவரை அடுத்து யான் ஹோர்ல், முந்தைய சீசனின் சாம்பியன் ஸ்டெஃபான் கிராஃப்ட் என்று முதல் மூன்று இடங்களும் ஆஸ்திரியாவுக்கே.

நான்கு குன்றுத் தொடரை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? வெறும் நான்கு போட்டிதானே?

ஒன்பது நாளில் நான்கு ஊர், தொலைக்காட்சி முன் மொத்த மத்திய ஐரோப்பாவும் அமரும் விடுமுறைக் காலம். ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃப், புத்தாண்டு நாளில் கார்மிஷ்-பார்டன்கிர்ஹன், பிறகு ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக், ஜனவரி 6 அன்று பிஷோஃப்ஸ்ஹோஃபன். இங்கே இடப் புள்ளி செல்லாது. நான்கு போட்டிகளிலும் பாயும் எட்டுப் பாய்ச்சல்களின் தூரம், நடை, காற்றுக் கணக்கு அனைத்தையும் அப்படியே கூட்டுவார்கள். ஒரே ஒரு பாய்ச்சல் சொதப்பினால் கதை முடிந்தது.

நான்கையும் வென்றவர்கள் இதுவரை மூவரே: 2001-02இல் ஜெர்மனியின் ஸ்வென் ஹன்னவால்ட், 2017-18இல் போலந்தின் கமில் ஸ்டோக், அடுத்த ஆண்டே ஜப்பானின் ரியோயு கோபயாஷி.

ஒரு போட்டியிலும் ஜெயிக்காமல் நான்கு குன்றுத் தொடரை வெல்ல முடியுமா?

முடியும், நடந்தும் இருக்கிறது. 2023-24இல் கோபயாஷி நான்கு ஊர்களிலும் இரண்டாம் இடமே பெற்றார். தொடரை அவர்தான் வென்றார். மற்றவர்கள் ஓரிடத்தில் முதலாவதாக வந்து வேறோர் இடத்தில் சறுக்கினார்கள், அவர் எங்கும் சறுக்கவில்லை. முந்தைய பதிலில் சொன்ன எட்டுப் பாய்ச்சல் கூட்டலின் விளைவு இது.

2024-25 நான்கு குன்றுத் தொடர் இதுவரை இல்லாத நெருக்கம் என்கிறார்களே, எவ்வளவு நெருக்கம்?

"இதுவரை இல்லாத" என்று நான் எழுதத் தயங்குவேன். ஆனால் எண்களைப் பாருங்கள். ஓபர்ஸ்டோர்ஃபிலும் இன்ஸ்ப்ரூக்கிலும் கிராஃப்ட் வென்றார், கார்மிஷில் சோஃபெனிக். மூன்று போட்டி முடிந்து பிஷோஃப்ஸ்ஹோஃபனுக்கு வந்தபோது கிராஃப்ட், ஹோர்ல், சோஃபெனிக் ஆகிய மூவருக்கும் நடுவே மொத்தத்தில் இரண்டு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. மூவரும் ஒரே நாட்டவர், ஒரே பயிற்சிக் குழு, ஒரே வேனில் வந்து இறங்குகிறவர்கள்.

கடைசிச் சுற்றில் கடைசியாகப் பாய வேண்டியவர் கிராஃப்ட். கம்பியில் அமர்ந்த பிறகு காற்று அடங்கவில்லை. அனுமதி விளக்கு பச்சையாகாமல் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. கால் தசைகள் அந்தக் குளிரில் இறுகத் தொடங்கும் நேரம் அது. இறுதியில் சோஃபெனிக் வென்றார், ஹோர்ல் 1.4 புள்ளி பின்தங்கினார், கிராஃப்ட் 4.1 புள்ளி.

மீட்டருக்கு 1.8 என்ற கணக்கில் 1.4 புள்ளி என்பது ஏறத்தாழ 78 சென்டிமீட்டர். ஆளுக்கு எட்டுப் பாய்ச்சல், கூட்டினால் ஒரு கிலோமீட்டரை ஒட்டி வரும் தூரம். அதில் முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே முக்கால் மீட்டர். வேறு விதமாகவும் பார்க்கலாம்: கணக்கில் சேரும் மூன்று நடுவர்கள் ஒரே ஒரு பாய்ச்சலுக்கு ஆளுக்கு அரைப் புள்ளி கூட்டிக் கொடுத்திருந்தால் 1.5. கோப்பை ஹோர்லிடம் போயிருக்கும். கிராஃப்டைக் காத்திருப்புதான் தோற்கடித்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. பங்கு இருக்கலாம், ஆனால் இவ்வளவு சிறிய இடைவெளியில் எந்த ஒரு காரணத்தையும் தனியே பிடித்துக் குற்றவாளியாக்க முடியாது என்பதே என் எண்ணம்.

இரண்டு இரண்டு பேராக மோதவிடுகிறார்களே, அது எல்லாப் போட்டியிலும் உண்டா?

இல்லை, நான்கு குன்றுத் தொடரில் மட்டும். தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தவர் ஐம்பதாவதாக வந்தவருடன், இரண்டாமவர் நாற்பத்தொன்பதாமவருடன் என்று 25 இணைகள். ஒவ்வோர் இணையிலும் வென்றவரும், தோற்றவர்களில் சிறந்த ஐவரும் சேர்ந்து முப்பது பேர் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். மற்ற உலகக் கோப்பைப் போட்டிகளில் வழக்கமாக ஐம்பது பேர் பாய்ந்து முதல் முப்பது பேர் நேரடியாக அடுத்த சுற்றுக்குச் செல்வார்கள்.

பெண்களுக்கும் இதே தொடர் உண்டா?

நான்கு குன்றுத் தொடர் 2024-25 சீசனில் பெண்களுக்கு இருக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கார்மிஷிலும் ஓபர்ஸ்டோர்ஃபிலும் இரண்டு இரவுத் தொடர் என்ற பெயரில் இரண்டு போட்டிகள். இன்ஸ்ப்ரூக்கில் ஒளிவிளக்குகள் இல்லாததால் ஒரே இடத்தில் இரு பாலாருக்கும் நேரம் ஒதுக்க முடியவில்லை என்பதே பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட காரணம். பெண்களுக்கு உலகக் கோப்பையே 2011-12இல்தான் தொடங்கியது. ஒலிம்பிக் வாய்ப்பு 2014இல், பறத்தல் குன்று 2023இல். ஒவ்வொரு கதவையும் தட்டித் தட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது.

2024 டிசம்பர் இறுதியில் கார்மிஷ் தகுதிச் சுற்றில் ஜெர்மனியின் ஸெலினா ஃப்ரைடாக் முதலிடம் பெற்றார். ஆண்கள் தகுதிச் சுற்றை வென்றால் ரொக்கம். அவருக்குக் கிடைத்தது குளியல் ஜெல், ஷாம்பு, நான்கு சிறிய கைத்துண்டுகள். அவரே அதைச் சிரித்துக்கொண்டு பேட்டியில் சொன்ன பிறகுதான் செய்தியானது. பரிசுத் தொகை வித்தியாசம் பற்றிப் பத்துக் கட்டுரை எழுதியிருந்தாலும் அந்த நான்கு துண்டுகள் செய்த வேலையைச் செய்திருக்காது.

பிரெவ்ட்ஸ் என்ற பெயர் எல்லாப் பட்டியலிலும் வருகிறதே, எத்தனை பேர்?

ஸ்லோவேனியாவின் ஒரே குடும்பம். மூத்தவர் பெட்டர், 2015-16 சீசனில் 15 போட்டிகளை வென்றவர், 250 மீட்டரைத் தொட்ட முதல் மனிதர். 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அடுத்தவர் ட்ஸெனே, அவரும் வீரராக இருந்தவர். 2024-25இல் களத்தில் இருந்தவர்கள் டோமனும் தங்கை நிகாவும்.

அந்தத் தங்கைதான் இந்தச் சீசனின் அசைக்க முடியாத ஆள். நிகா தொடர்ந்து இரண்டாவது முறையாகப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார்; இரண்டு இரவுத் தொடரும் அவருக்கே; டிரொண்ட்ஹைமில் சிறிய குன்று, பெரிய குன்று இரண்டிலும் தனிநபர் தங்கம்; மார்ச் 14 அன்று நார்வேயின் விக்கர்ஸுண்டில் 236 மீட்டர் பறந்து பெண்கள் உலக சாதனை. ஆண்கள் பட்டியலில் கோப்பைகள் பலரிடம் பிரிந்துபோன ஆண்டில், பெண்கள் பக்கம் எல்லாம் ஒரே வீட்டு அலமாரிக்குப் போயின.

டிரொண்ட்ஹைமில் என்னதான் நடந்தது? உடையில் நூல் தைத்தார்கள் என்கிறார்கள், அதற்கா இவ்வளவு ரகளை?

நார்வே தன் சொந்த மண்ணில் உலக சாம்பியன்ஷிப்பை நடத்திக்கொண்டிருந்தது. சிறிய குன்றில் அந்நாட்டின் மரியஸ் லிண்ட்விக் ஏற்கெனவே தங்கம் வென்றிருந்தார். மார்ச் 8, பெரிய குன்றுப் போட்டி நாள். நார்வே அணியினர் ஓர் அறையில் தையல் இயந்திரத்தில் போட்டி உடைகளைத் திருத்துவதையும், தலைமைப் பயிற்சியாளர் மாக்னுஸ் பிரெவிக் உடன் நிற்பதையும் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து யாரோ ரகசியமாகப் படமெடுத்த காணொளி அதற்குள் பரவிவிட்டது. ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, போலந்து அணிகள் முறையிட்டன.

போட்டியில் டோமன் பிரெவ்ட்ஸ் முதலிடம், லிண்ட்விக் இரண்டாம் இடம். பிறகு உடைகளின் தையலைப் பிரித்துப் பார்த்தார்கள். கால்கள் பிரியும் கவட்டுப் பகுதியில், விதிக்குப் புறம்பாக, விறைப்பான நூல் ஒன்று உள்ளே தைக்கப்பட்டிருந்தது. லிண்ட்விக்கும் யொஹான் ஆண்ட்ரே ஃபோர்ஃபாங்கும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். வெள்ளி ஹோர்லுக்கும் வெண்கலம் கோபயாஷிக்கும் போயிற்று. மறுநாள் நார்வே அணி நிர்வாகமே மோசடியை ஒப்புக்கொண்டது.

ரகளை நூலுக்காக மட்டும் எழுந்ததன்று. அந்த உடைகள் ஃபிஸ் அளந்து, சரிபார்த்து, மின்சில்லு பொருத்தி முத்திரையிட்டவை. அளவு ஏமாற்றுவது இந்த விளையாட்டில் பழைய நோய். அளவெடுக்கும் அறையில் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிப்பதும், இடுப்பைக் கொஞ்சம் இறக்கி நிற்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் முத்திரை போட்டபின் பிரித்துத் தைப்பது அந்த வரிசையில் வராது. சந்தேகத்துக்கு இடமுள்ள விளிம்பில் விளையாடுவது ஒன்று, முத்திரையை உடைப்பது வேறொன்று.

துணி சற்றுத் தொளதொளப்பாக இருந்தால் என்ன பெரிய லாபம் வந்துவிடும்?

காற்றில் இருக்கும் வீரரின் உடல், இரு பலகைகள், நடுவே விரியும் துணி மூன்றும் சேர்ந்துதான் அவரைத் தாங்குகின்றன. கவட்டுப் பகுதி தாழ்ந்து விறைப்பாக இருந்தால், கால்களுக்கு இடையே ஒரு கூடுதல் பரப்பு கிடைத்துவிடும். அதனால்தான் உடை உடலோடு எத்தனை சென்டிமீட்டர் ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்கும், துணி எவ்வளவு காற்றைக் கசியவிட வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. விறைப்பான நூல் செய்த வேலை, துணி பறக்கும்போது வடிவம் கலையாமல் நிறுத்துவது.

நான்கு குன்றுத் தொடர் பற்றிய பதிலுக்குத் திரும்பிப் போய் அந்த 78 சென்டிமீட்டரைப் பாருங்கள். எட்டுப் பாய்ச்சலில் முக்கால் மீட்டர் கோப்பையைத் தீர்மானிக்கும் விளையாட்டில், பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் சிறிது தூரம் கூட்டித்தரும் ஒரு தையலின் மதிப்பு என்னவென்று அதன்பின் விளக்க வேண்டியதில்லை.

வீரர்களுக்குத் தெரியுமா, தெரியாதா? என்ன தண்டனை கிடைத்தது?

தங்களுக்குத் தெரியாது என்றே இரு வீரர்களும் கூறினார்கள். பயிற்சியாளர் பிரெவிக், உதவிப் பயிற்சியாளர் தாமஸ் லோபென், உடைத் தொழில்நுட்பர் அட்ரியன் லிவெல்டன் ஆகியோர் உடனே விலக்கப்பட்டார்கள். லிண்ட்விக், ஃபோர்ஃபாங் தவிர மேலும் மூன்று நார்வே வீரர்களும் சீசன் முடியும்வரை தற்காலிகமாகத் தடுக்கப்பட்டார்கள். 2025 ஆகஸ்டில் லிண்ட்விக்கும் ஃபோர்ஃபாங்கும் மூன்று மாதத் தடையை ஏற்றுக்கொண்டார்கள். மோசடியில் அவர்கள் பங்கெடுத்ததாக அல்லாமல், கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை என்ற அளவில் அந்தப் பொறுப்பு வரையறுக்கப்பட்டது. பயிற்சியாளர்களுக்கும் உடைத் தொழில்நுட்பருக்கும் 2026 ஜனவரியில் 18 மாதத் தடை விதிக்கப்பட்டது.

என் கருத்தைக் கேட்டால், தன் உடலில் மில்லிமீட்டர் மாற்றத்தைக்கூட உணரும் ஒரு விளையாட்டு வீரர் தன் உடையில் நேற்று இல்லாத விறைப்பு இன்று இருப்பதைக் கவனிக்காமல் இருப்பது கடினம். கவனித்தார் என்பதற்குச் சான்று இல்லை என்பதும் உண்மை. விசாரணை சான்றோடு நின்றுகொண்டது. அப்படித்தான் நிற்க வேண்டும்.

அப்படியானால் லிண்ட்விக்கின் சிறிய குன்றுத் தங்கத்தை ஏன் பிடுங்கவில்லை?

அந்த நாளில் அவர் அணிந்த உடையில் திருத்தம் இருந்தது என்று நிறுவப்படவில்லை. தகுதிநீக்கம் ஒரு குறிப்பிட்ட போட்டியில், ஒரு குறிப்பிட்ட உடையில் கண்டுபிடிக்கப்பட்ட குறைக்கு உரியது. சந்தேகத்தைப் பின்னோக்கி நீட்டிப் பழைய முடிவுகளை அழிக்க விதியில் இடமில்லை. அந்தத் தங்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது, அதைச் சொல்லும் போதெல்லாம் ஓர் அடைப்புக்குறியும் கூடவே வரும்.

அதன் பிறகு ஏதாவது மாறியதா, இல்லை எல்லாம் அப்படியேதானா?

உடனடி மாற்றம் கடுமையாக இருந்தது. சீசனின் மிச்சப் போட்டிகளுக்கு ஒரு வீரருக்கு ஓர் உடை. போட்டி நேரத்துக்குச் சற்று முன்புதான் ஃபிஸ் கையிலிருந்து அது வெளிவரும், முடிந்ததும் திரும்பிப் போய்விடும். அணிகளின் தையல் இயந்திரங்கள் ஓய்வெடுத்தன. அடுத்த சீசனிலிருந்து உபகரணத் தகுதிநீக்கங்களுக்கு மஞ்சள், சிவப்பு அட்டை முறை வந்தது. முதல் தவறு எச்சரிக்கையோடு போகும், மறுமுறை செய்தால் அடுத்த வாய்ப்பும் பறிபோகும்.

இவர்கள் எல்லாம் ஏன் இவ்வளவு ஒல்லி? பட்டினி கிடக்கிறார்களா?

எடை குறைந்தால் தூரம் கூடும் என்பது இயற்பியல்; அதை வெறியாகத் துரத்திய காலமும் இருந்தது. அதனால் 2004 வாக்கில் உடல் எடையையும் பலகை நீளத்தையும் இணைத்தார்கள். பலகை உடல் உயரத்தில் அதிகபட்சம் 145 விழுக்காடு வரை இருக்கலாம். ஆனால் உயரத்துக்கு ஏற்ற குறைந்தபட்ச எடை இல்லாதவர் குட்டையான பலகையைத்தான் மாட்ட வேண்டும். பலகை குட்டையானால் தாங்கும் பரப்பு குறையும், எடை குறைத்த லாபம் அங்கே போய்விடும். இந்த விளையாட்டின் விதிகளிலேயே அறிவுள்ள விதி இதுதான் என்று நினைக்கிறேன். பிரச்சினையை முழுவதும் ஒழித்ததா என்றால், இல்லை. பட்டினியின் லாபத்தைக் குறைத்தது.

உலக சாதனை 254.5 மீட்டரா, 291 மீட்டரா? இரண்டும் கண்ணில் படுகிறதே?

அங்கீகரிக்கப்பட்டது 254.5. 2025 மார்ச் 30, சீசனின் கடைசி நாள், பிளானிட்சாவின் லெட்டல்னிட்சா பறத்தல் குன்றில் டோமன் பிரெவ்ட்ஸ் அதைச் செய்தார். 2017 மார்ச்சில் விக்கர்ஸுண்டில் கிராஃப்ட் வைத்த 253.5 மீட்டர் எட்டு ஆண்டு நிலைத்திருந்தது. கோபயாஷியின் 291 மீட்டர் 2024 ஏப்ரலில் ஐஸ்லாந்தில், அதற்கென்றே தனியாக அமைத்த ஒரு சரிவில், ஒரு பான நிறுவனத்தின் ஏற்பாட்டில் நிகழ்ந்தது. போட்டி விதிகளுக்கும் உட்படாத, ஃபிஸ் சான்றளிக்காத குன்று என்பதால் அது சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. மனிதனால் முடியும் என்பதற்கு அது சான்று. யார் முதலிடம் என்பதற்கு இல்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. 2015இல் ரஷ்யாவின் டிமித்ரி வாசிலியெவ் விக்கர்ஸுண்டில் 254 மீட்டர் தொட்டார், இறங்கும்போது விழுந்துவிட்டார். விழுந்தால் தூரம் அளக்கப்படும், புள்ளியும் உண்டு, சாதனை கிடையாது. அந்த 254 மீட்டரைத் தாண்டி ஒருவர் கால் ஊன்றி நிற்கப் பத்தாண்டு ஆயிற்று.

254.5 மீட்டருக்கு எத்தனை புள்ளி வரும்?

இரண்டாம் கேள்வியின் கணக்கே போதும். லெட்டல்னிட்சாவில் கே கோடு 200 மீட்டர், அதற்கு 120 புள்ளி. கூடுதல் 54.5 மீட்டரை 1.2ஆல் பெருக்கினால் 65.4. ஆக தூரத்துக்கு மட்டும் 185.4, அதன் மேல் நடை, காற்று, கேட்.

பெரிய குன்று கட்டினால் 300 மீட்டர் போகலாமே, ஏன் கட்டவில்லை?

கட்ட முடியும், ஃபிஸ் அனுமதிப்பதில்லை. பிளானிட்சா, விக்கர்ஸுண்ட் இரண்டும் 240 மீட்டர் அளவுள்ள குன்றுகள். அந்த அளவைத் தாண்டினால் சரிவு தட்டையாகத் தொடங்கி, இறங்கும் அதிர்ச்சி முழுவதும் முழங்காலில் விழும். டோமன் அந்த அளவைவிட 14.5 மீட்டர் அப்பால் இறங்கினார். அந்தப் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், அழகு காட்ட அங்கே நேரமில்லை என்பது தெரியும். பின்பக்கம் பனியைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து, நிமிர்ந்துவிட்டார்.

சோஃபெனிக் சீசன் சாம்பியன், டோமன் உலக சாம்பியன், சாதனையும் அவருடையதே. உண்மையில் அந்த ஆண்டின் சிறந்த வீரர் யார்?

இந்தக் கேள்வியை நான் இரண்டாகப் பிரிப்பேன். மார்ச் மாதத்தில், பெரிய குன்றிலும் பறத்தல் குன்றிலும், டோமனைப் போலப் பறந்தவர் யாரும் இல்லை. பலகைகளுக்கு நடுவே முகத்தை ஏறக்குறைய நுழைத்துக்கொண்டு, மற்றவர்கள் அஞ்சும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, காற்றின் மேல் படுத்துக்கொள்ளும் அந்தப் பாணி நல்ல நாளில் யாரையும் வெல்லும். அதே பாணி கெட்ட காற்றில் அவரைப் பலமுறை கைவிட்டும் இருக்கிறது. சீசனின் முதல் பாதியில் அவர் பெயர் முன்வரிசையில் தொடர்ந்து தெரியாததற்குக் காரணம் அதுதான்.

உலகக் கோப்பை கேட்பது வேறு. இரண்டாம் இடத்துக்கு 80 புள்ளி, ஐந்தாம் இடத்துக்கு 45 என்ற அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். வெல்லாத நாளில் எத்தனையாவதாக வருகிறீர்கள் என்பதே கோப்பையைத் தீர்மானிக்கிறது. நவம்பர் இருட்டில் லில்லெஹாமரிலும், பிப்ரவரி உறைபனியில் சப்போரோவிலும், வசந்த வெயில் எட்டிப்பார்க்கும் பிளானிட்சாவிலும் சோஃபெனிக் ஒரே மாதிரி மேடை விளிம்பை விட்டுக் கிளம்பினார். ஐந்து மாதத்தின் சிறந்த வீரர் அவர். ஒரே ஒரு பாய்ச்சலுக்கு நுழைவுச்சீட்டு வாங்கச் சொன்னால், டோமனுக்கு வாங்குவேன்.